வேலூரில் கைபேசியோடு ஒரு பேய் நடை: பாதை எது, குரல் எது, யார் கதையைச் சொல்வது?

பாலாற்றுமணல்:
வணக்கம் மக்களே. ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் விஷயம் இது. வெளிநாட்டுப் பழைய ஊர்களில் பேய் நடை என்று ஒன்று உண்டு. முன்பெல்லாம் ஒருவர் கையில் விளக்கோடு கூட்டத்தை அழைத்துப் போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கதை சொல்வார். இப்போது அந்த ஆளும் தேவையில்லை. செயலியை இறக்கி, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு நடந்தால் போதும். எந்தச் சந்தில் நிற்கிறோம் என்பதை ஜி.பி.எஸ். பார்த்துக்கொள்ளும், அந்த இடத்தின் கதை தானாக ஓடும். நடுவில் டீ குடிக்க நின்றால் கதையும் காத்திருக்கும்.

நம் வேலூருக்கு ஏன் இப்படி ஒன்று இல்லை? 133 ஏக்கர் கோட்டை, சுற்றிலும் அகழி, உள்ளே திப்பு மஹால், ஹைதர் மஹால், கண்டி மஹால், ஜலகண்டேஸ்வரர் கோவில், 1846இல் கட்டிய தேவாலயம். இத்தனை சாவுகளைப் பார்த்த கோட்டை தமிழ்நாட்டில் வேறு எத்தனை இருக்கும்? சிகிச்சைக்காக வடநாட்டிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்து வாரக்கணக்கில் ஊரில் தங்குகிறவர்கள், ஒரு மாலை கோட்டைக்கு வந்து கோவிலையும் அகழியையும் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் நின்ற புல்தரையில் என்ன நடந்தது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

இலவசமாகச் செய்வோம். பாதை போட, எழுத, குரல் கொடுக்க, தொழில்நுட்பம் பார்க்க ஆள் வேண்டும். முதலில் யோசனைகளைக் கொட்டுங்கள்.

மண்டித்தெரு:
அண்ணா, நான் ரெடி. சுரங்கப்பாதைக் கதையில் தொடங்குங்கள். கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரம் வரை பூமிக்கடியில் வழி இருக்கிறது, உள்ளே போனவன் திரும்பவில்லை என்று எங்கள் ஆயா சொல்லித்தான் சோறு ஊட்டுவார். அப்புறம் அகழி முதலைகள். பத்தாயிரம் முதலை என்பார்கள். ராத்திரி குளம்புச் சத்தம் கேட்பதையும் சேருங்கள். கதவு கிறீச்சிடும் சத்தம், நாய் ஊளை, பெண் அலறல் எல்லாம் பின்னணியில் வைத்தால் காலேஜ் பசங்க அள்ளிக்கொண்டு போவார்கள்.

யார்க்தமிழன்:
நான் காட்பாடிக்காரன், இப்போது இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் இருக்கிறேன். இங்கே பேய் நடை 1973லேயே தொடங்கிவிட்டது. இன்றைக்குச் சாயங்காலமானால் தெருவுக்கு ஒரு கூட்டம். கைபேசி நடையும் உண்டு. ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் அதில்தான் அனுப்புகிறேன். நாலு பேர் சேர்ந்து போனால் ஆளுக்கொரு வேகத்தில் நடக்கலாம், குழந்தை பயந்தால் நிறுத்தலாம், மழை வந்தால் பாதியில் விட்டு மறுநாள் தொடரலாம்.

இங்கே எல்லாரும் சொல்லும் கதை ஒன்றைச் சொல்கிறேன், நமக்கு உதவும். 1953இல் ஹாரி மார்ட்டிண்டேல் என்ற இளைஞர், ட்ரெஷரர்ஸ் ஹவுஸ் என்ற பழைய மாளிகையின் நிலவறையில் குழாய் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சுவரிலிருந்து ரோமானியச் சிப்பாய்கள் வரிசையாக வெளியே வந்ததாகச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே அவர்களைக் காணவில்லை. தரை தோண்டிக் கிடந்த இடத்துக்கு வந்தபோதுதான் பாதங்கள் தெரிந்தனவாம். அங்கே தரைக்குக் கீழே பழைய ரோமானியச் சாலை இருந்தது. அவர்கள் நடந்தது அந்த மட்டத்தில். இதை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. ஆனால் அந்த நிலவறையில் நின்று கேட்கும்போது, காலுக்குக் கீழே ஒரு முழ ஆழத்தில் இன்னொரு ஊர் இருக்கிறது என்பது உடம்புக்கே புரிந்துவிடுகிறது. அலறல் சத்தம் போட்டு நடத்தும் நடைகளில் எனக்கு ஒன்றும் நினைவில் நின்றதில்லை.

சார்பனாமேடு_பாய்:
படித்தேன். எனக்கு இது உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன்.

1806 ஜூலை 10இல் வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சியில் செத்தவர்கள் நம் ஊர் மண்ணில் கிடக்கிறார்கள். இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து எழுந்தார்கள், சேர்ந்து செத்தார்கள். வெள்ளைக்காரர்களுக்குக் கோட்டைக்கு வெளியே பழைய ஐரோப்பியக் கல்லறை இருக்கிறது. சிப்பாய்களில் ஒருவருக்காவது பெயர் பொறித்த கல் கோட்டைக்குள் இருக்கிறதா? மக்கான் சந்திப்பில் 1998இல் அரசு நட்ட நினைவுத் தூண் ஒன்றுதான். அவர்களைப் பேயாக்கி, காதில் ஊளைச் சத்தம் போட்டு, பசங்க சிரித்துக்கொண்டே செல்ஃபி எடுப்பார்கள். இதற்கு நான் உடன்பட மாட்டேன். கோட்டையிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவில் திப்பு குடும்பத்துக் கல்லறைகள் இருக்கின்றன. அங்கே போய் நாங்கள் ஃபாத்திஹா ஓதுகிறோம். அங்கே ஒரு பேய்க்கதை ஒலிக்கக் கூடாது.

மண்டித்தெரு தம்பி, கோபித்துக்கொள்ளாதே. உன் ஆயா சொன்ன முதலைக்கதை வேறு, இது வேறு.

பாலாற்றுமணல்:
பாய், நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அதற்காக நடையே வேண்டாம் என்று நான் நினைக்கவில்லை. பேய் நடை என்று பெயர் வைத்தால்தான் பதினெட்டு வயதுப் பையன் வருகிறான்; வந்தவன் காதில் உண்மையைச் சொல்வோம். நடந்ததை நடந்தபடி சொன்னாலே போதும், அதைவிடப் பெரிய திகில் எதுவும் நம்மால் எழுதிவிட முடியாது.

பாருங்கள். 1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கும்பினியின் இந்தியச் சிப்பாய்களுக்குப் புது உத்தரவு வருகிறது. நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகை கட்ட வேண்டும். 1806 மே மாதம் மறுத்தவர்களைச் சென்னைக் கோட்டைக்கு அனுப்பினார்கள். ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆளுக்குத் தொண்ணூறு கசையடி, வேலை நீக்கம். திப்புவின் குடும்பம் அப்போது இந்தக் கோட்டையில்தான் காவலில் இருந்தது. ஜூலை 9 திப்புவின் மகள் ஒருத்திக்குக் கோட்டைக்குள்ளேயே கல்யாணம். ஆள் நடமாட்டத்தைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை. விடிவதற்கு ரொம்ப முன்பே துப்பாக்கிகள் வெடித்தன. படுக்கையிலிருந்து எழுந்தும் எழாமலும் 69ஆவது ரெஜிமெண்ட்டின் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் விழுந்தார்கள். கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் வீட்டை விட்டு வெளியே வந்ததும் சுடப்பட்டார். அவர் மனைவி இரண்டு குழந்தைகளோடு ஒளிந்து பிழைத்தார். அந்த இரவைப் பற்றி அவர் எழுதி வைத்தது இன்றும் இருக்கிறது. மைசூர்க் கொடி மேலே ஏறியது. திப்புவின் மகன் ஃபத்தே ஹைதர்தான் இனி அரசர் என்றார்கள்.

அதெல்லாம் சில மணி நேரம்தான். ஆற்காட்டில் இருந்த ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு 25 கிலோமீட்டர் ஓடி வந்தார், மதில் மேல் கயிறு பிடித்து ஏறினார், பீரங்கி வந்து சேர்ந்ததும் வாசல் உடைந்தது. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். ஐரோப்பியர் சாவு 130 அளவில். சிப்பாய்கள் 350 என்று ஒரு கணக்கு, 800 என்று இன்னொரு கணக்கு. செத்தவனைச் சரியாக எண்ணக்கூட இல்லை, பாய். விசாரணை நடத்தி ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், ஐந்து பேரைத் துப்பாக்கியால், எட்டுப் பேரைத் தூக்கில்.

இந்த வரிகளுக்குப் பின்னால் எதற்கு ஊளைச் சத்தம்? சாதாரணக் குரலில் படித்தால் போதும். அலறல், கிறீச் எதுவும் வேண்டாம் என்பதில் நான் உங்கள் பக்கம்.

மண்டித்தெரு:
தொண்ணூறு கசையடி எனக்குத் தெரியாது அண்ணா. ஜூலை 10 என்று பள்ளியில் பரீட்சைக்குப் படித்தேன், அவ்வளவுதான். பாய், உங்கள் பேச்சில் தப்பில்லை. அலறலை எடுத்துவிடலாம். ஆனால் சுரங்கக் கதையை விட மாட்டேன், அது எங்கள் ஆயா சொத்து.

தொரப்பாடி_டீச்சர்:
சுரங்கத்தை வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, கதை என்று சொல்லியே வையுங்கள். அப்படி ஒரு வழிக்கு ஆய்வாளர்கள் கையில் எந்த ஆதாரமும் கிடைத்ததில்லை என்பதையும் அதே குரலில் சொன்னால் போச்சு.

எனக்கு முக்கியமாகப் படுவது நேரம். பேய் நடை என்றதும் எல்லாரும் ராத்திரியைப் பிடித்துக்கொள்கிறீர்கள். ராத்திரியில் கோட்டைக்குள் சுற்ற முடியாது, அகழியோரம் பெண்கள் தனியாக இயர்போன் மாட்டி நடப்பதும் நடக்காத காரியம். 1806இல் எல்லாம் நடந்தது விடியற்காலையில்தானே? இருட்டில் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்த கதை. அந்த நேரத்திலேயே நடப்போம். நடைப்பயிற்சிக்காரர்கள் வரும் நேரம், கூட்டத்தோடு கூட்டமாகப் பெண்களும் வரலாம். நம் ஊர் வெயிலுக்கும் அதுதான் தோது. மதிலின் கருங்கல் காலையில் தொட்டால் சில்லென்று இருக்கும். பகல் பதினொரு மணிக்கு அதே கல்லில் கை வைக்க முடியாது.

இன்னொன்று. எல்லாரும் 1806ஐயே பேசுகிறீர்கள். அதற்கும் ஏறக்குறைய இருநூறு வருஷம் முன்னால், 1614இல் நடந்தது யாருக்காவது நினைவிருக்கிறதா? விஜயநகரத்தின் கடைசிக் காலம். பட்டத்துக்கு வந்த ஸ்ரீரங்க தேவராயரை ஜக்கராயன் என்ற தளபதி குடும்பத்தோடு இதே கோட்டையில் சிறை வைத்தான். அவருக்கு விசுவாசமாக நின்றவர் யாசம நாயக்கர் ஒருவர்தான். வெளியே துணி எடுத்துப் போக வரும் வண்ணாரைப் பேசிச் சரிக்கட்டி, அரசரின் பன்னிரண்டு வயது மகன் ராமனை அழுக்குத் துணி மூட்டைக்குள் வைத்து வெளியே கொண்டுவந்தார்கள். மற்ற எல்லாரும் உள்ளேயே மாண்டார்கள், குழந்தைகள் உட்பட. அந்தப் பையன் பிழைத்தான், பிற்பாடு அரசனானான். காவலாளிகளைத் தாண்டி அந்த மூட்டை நகர்ந்து போனதை ஒன்பதாம் வகுப்பில் சொன்னால் ஒரு பிள்ளை அசையாது. அந்த வண்ணாரின் பெயரை எவனும் எழுதி வைக்கவில்லை. நடையில் அவருக்கென்று ஒரு நிறுத்தம் வேண்டும். என் கோரிக்கை அது ஒன்றுதான்.

சார்பனாமேடு_பாய்:
டீச்சர், இது நல்ல யோசனை. விடியற்காலை என்றால் நானும் வருகிறேன், ஃபஜ்ர் தொழுகை முடித்துவிட்டு நேராக வந்துவிடலாம்.

கைபேசிமெக்கானிக்:
தொழில்நுட்பப் பக்கம் நான் பார்க்கிறேன். மக்கான் பக்கம்தான் கடை.

புதுச் செயலி எழுத வேண்டியதில்லை. இப்படி நடைகளை ஏற்றி வைக்கவே ஐசி டிராவல், வாய்ஸ்மேப் மாதிரித் தளங்கள் இருக்கின்றன. வரைபடத்தில் புள்ளி வைத்து, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஒலிக்கோப்பை அதோடு கட்டினால் வேலை முடிந்தது. கவனிக்க வேண்டியது அந்த வட்டத்தின் அளவு. திறந்த வெளியில் கைபேசி ஐந்து பத்து மீட்டருக்குள் இடத்தைச் சரியாகக் காட்டும். உயரமான கருங்கல் மதிலை ஒட்டி நின்றால் சிக்னல் கல்லில் பட்டுத் திரும்பி வரும், புள்ளி அகழிக்குள் போய் நிற்கும். அதனால் வட்டத்தை இருபத்தைந்து முப்பது மீட்டர் ஆக்க வேண்டும், இரண்டு வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. திப்பு மஹாலும் ஹைதர் மஹாலும் தனித்தனியாக வேண்டுமென்றால் இடைவெளி பார்த்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்று பேசும்போதே இன்னொன்று குறுக்கே வரும். ஜி.பி.எஸ். தடுமாறினால் கையாலேயே தட்டிக் கேட்க ஒரு பொத்தான் கட்டாயம்.

குரல் மட்டும்தான் என்பதால் 64 கே.பி.பி.எஸ். மோனோ தாராளம். நிமிஷத்துக்கு அரை எம்.பி. வரும். பத்து நிறுத்தம், தலா மூன்று நிமிஷம் என்றால் மொத்தம் பதினைந்து எம்.பி. லாட்ஜ் வைஃபையிலேயே இறக்கிக்கொண்டு வந்துவிடலாம். வரைபடத்தையும் சேர்த்து இறக்கச் சொல்லுங்கள்.

ஒரு காதில் மட்டும் இயர்போன், இதை முதல் ஒலிக்கோப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அண்ணா சாலையைக் கடப்பவன் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டால் பின்னால் வரும் பஸ் ஹாரன் கேட்காது. சாலையைக் கடக்கும் இடத்தில் எந்தக் கதையும் ஓடக் கூடாது. என் கடைக்கு எதிரே ஒரு பையன் பாட்டுக் கேட்டுக்கொண்டே நடந்து ஆட்டோவில் அடிபட்டதைப் பார்த்தவன் நான், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

யார்க்தமிழன்:
மெக்கானிக் சொன்னதோடு ஒன்று. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நடக்கும்போது காதில் ஒன்றும் வேண்டாம். இங்கே நல்ல நடைகள் அப்படித்தான் விடுகின்றன. ஒரு சாவைக் கேட்டவனுக்கு அடுத்த இடம் வரை நடக்க நேரம் கொடுக்க வேண்டும்.

மண்டித்தெரு:
எனக்கு வேறொன்று தோன்றுகிறது. பேய் பற்றிப் பேசிக்கொண்டே வந்து, நம் ஊர் மயானக்கொள்ளையை ஒருவரும் சொல்லவில்லையே!

மகா சிவராத்திரிக்கு அடுத்த அமாவாசை. ஊரின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் அங்காளம்மன் தேர் பாலாற்றங்கரைக்குப் போகும். காளி வேஷம் கட்டினவர்கள், நாக்கைத் துருத்தி, உடம்பு முழுக்க எலுமிச்சம்பழம் குத்தி ஆடிக்கொண்டு வருவார்கள். எங்கள் மாமா வேஷம் கட்டுவார். மதியமே முகத்தில் பச்சையும் சிவப்பும் பூசி உட்கார்ந்துவிடுவார். அதற்கப்புறம் வீட்டில் யாரும் அவரை மாமா என்று கூப்பிட மாட்டோம், அத்தை உட்பட. சுடுகாட்டில் சூறை விடுவார்கள். சுண்டல், கொழுக்கட்டை, காய், சில்லறை எல்லாம் கூட்டத்தின் மேல் பறக்கும். அதைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனால் நல்லது. புதைத்த இடத்தில் இலை போட்டுப் படையல் வைத்துவிட்டு, குழந்தை குட்டியோடு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிற குடும்பங்கள் உண்டு.

செத்தவர்களிடம் நம் ஊர் இப்படித்தான் போகிறது. பகலில், சோறு எடுத்துக்கொண்டு, தாரை தப்பட்டையோடு. இங்கிலாந்து மாதிரி விளக்கைப் பிடித்துக்கொண்டு பயந்து பயந்து போவது நமக்கு எதற்கு? நடையின் கடைசி நிறுத்தம் பாலாற்றங்கரையாக இருக்கட்டும்.

தொரப்பாடி_டீச்சர்:
தம்பி, பிரமாதம். அப்படியானால் முத்து மண்டபமும் வழியோடு சேர்ந்துவிடும். இலங்கையில் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கரின் சமாதி அங்கேதான் இருக்கிறது. 1815இல் அவரை ஆங்கிலேயர் பிடித்தார்கள், மறு வருஷம் இங்கே சிறைக்குக் கொண்டுவந்தார்கள். 1832 ஜனவரி 30இல் இறக்கும் வரை மலையும் மழையும் உள்ள தன் ஊரைப் பார்க்கவில்லை. கடைசி வரை வேலூரின் வெயில்தான். அவர் விளையாடிய தந்தத்தாலான சதுரங்கப் பலகை கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிறையில் இருக்கும் ராஜா, எதிரே யாரை உட்காரவைத்து ஆடியிருப்பார்? அதைப் பார்த்துவிட்டு முத்து மண்டபத்துக்கு நடந்தால் மனதில் இறங்கும். ஆனால் விடியற்காலையில் அருங்காட்சியகம் திறந்திருக்காது, வெள்ளிக்கிழமை விடுமுறையும் உண்டு. அதனால் கோட்டை ஒரு நடை, ஆற்றங்கரை இன்னொரு நடை என்று இரண்டாகப் பிரியுங்கள். இரண்டாவதைச் சாயங்காலம் அருங்காட்சியகத்தில் தொடங்கலாம்.

பாலாற்றுமணல்:
பிரித்துவிடுவோம். இதுவரை பேசியதை வைத்துக் கோட்டை நடைக்கு ஒரு வரிசை போட்டிருக்கிறேன். மக்கான் நினைவுத் தூணில் தொடக்கம். அகழிப் பாலத்தில் முதலையும் சுரங்கமும், ஆயா சொன்ன கதை என்றே. உள்ளே போனதும் 1614, துணி மூட்டையும் அந்த வண்ணாரும். அப்புறம் ஜலகண்டேஸ்வரர் கோவில் வாசல். சாமியில்லாத கோவில் என்று ஊரே பழமொழி சொன்ன இடம். 1981இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் திரும்பி வந்தது. அங்கே பேய்க்கதை எதுவும் இல்லை, கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பார்க்கச் சொல்லிவிட்டு நகர்கிறோம். மஹால்களின் பக்கம் கல்யாண இரவு. மைதானத்தில் ஜூலை 10. கடைசியாகக் கோட்டைக்கு வெளியே வந்து ஐரோப்பியக் கல்லறை. அவர்களும் பிழைப்புக்காகக் கப்பலேறி வந்த சிப்பாய்கள்தான். தூக்கத்தில் செத்தவனுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

திப்பு குடும்பக் கல்லறைகள் இந்த நடையில் இல்லை. அதை எப்படிச் செய்வது, செய்யலாமா என்பதைப் பாய் முடிவு செய்யட்டும்.

ஒரு கேள்வி மிச்சம். அந்த நூறு பேரைச் சுட்ட இடத்தில் என்ன சொல்வது? எழுதிப் பார்த்தேன், எதுவும் சரியாக அமையவில்லை. ஒரு நிமிஷம் மௌனமாக விடலாமா?

யார்க்தமிழன்:
மௌனம் விட்டால் ஃபோன் நின்றுவிட்டது என்று தட்டிப் பார்ப்பார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு விடுங்கள்.

சார்பனாமேடு_பாய்:
மௌனம் வேண்டாம் என்பது என் கருத்து. அவர்கள் கேட்டது என்ன என்பதை அங்கே சொல்லுங்கள். நெற்றிக் குறியும் தாடியும் எங்களோடு இருக்கட்டும் என்றார்கள். அந்தப் புதுத் தலைப்பாகையைக் கும்பினி கடைசியில் கைவிட்டது. ஆளுநர் பெண்டிங்கையும் தளபதி கிரேடாக்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. செத்தவர்கள் கேட்டது கிடைத்தது. கிடைத்ததைப் பார்க்க அவர்கள் இல்லை. இதை அந்தச் சுவரோரம் நின்று கேட்கட்டும்.

இன்னொன்று, தமிழ் மட்டும் போதாது. எங்கள் வீடுகளில் உருது, சைதாப்பேட்டை பக்கம் தெலுங்கு பேசுகிற வீடுகள், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு இந்தியும் வங்காளமும். உருதுக் குரல் நான் தருகிறேன்.

தொரப்பாடி_டீச்சர்:
பாய் சொன்னதே இருக்கட்டும், எனக்கு மௌனத்தைவிட இதுதான் பிடித்திருக்கிறது. தமிழ்க் குரலுக்கு என் பழைய மாணவி ஒருத்தி இருக்கிறாள், வில்லுப்பாட்டில் பரிசு வாங்கினவள். நீட்டி முழக்காமல் படிக்கச் சொல்கிறேன்.

கைபேசிமெக்கானிக்:
வரும் ஞாயிறு காலை ஐந்தரைக்கு நினைவுத் தூண் பக்கம் வாருங்கள். இரண்டு மூன்று வேறு வேறு விலை ஃபோன்களில் புள்ளிகளைச் சோதிக்க வேண்டும், எல்லாரிடமும் விலை உயர்ந்த ஃபோன் இருக்காது. மதிலோரம் எது எவ்வளவு விலகுகிறது என்று பார்த்துவிட்டால் வட்டத்தின் அளவை அன்றைக்கே முடித்துவிடலாம். மண்டித்தெரு தம்பி, உன் பழைய ஃபோனைத் தூக்கிப் போடாமல் கொண்டு வா.

மண்டித்தெரு:
கொண்டு வருகிறேன் அண்ணா. ஆயாவிடம் சுரங்கக் கதையை ஃபோனில் பதிவு பண்ணி எடுத்து வரட்டுமா? அவர் குரலிலேயே போட்டுவிடலாம்.

பாலாற்றுமணல்:
கட்டாயம் பதிவு பண்ணு. மூன்று நிமிஷத்துக்குள் சொல்லச் சொல்லாதே, அவர் போக்கில் சொல்லட்டும். வெட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.